வீட்டுக்கு ஒரு ஆள்

1

இங்கே ஆண்டுக்கு இரண்டு முறை அபாயச் சங்கை ஊதிப் பார்ப்பார்கள். போர் வந்தால் அது ஒழுங்காக ஊதுமா என்று தெரிந்துகொள்ளத்தான். எங்கள் தெருமுனையில் தீயணைப்பு நிலையத்தின் கூரைமேல் இருக்கிறது அந்தச் சங்கு. முதல் நாளே செய்தித்தாளில் போட்டுவிடுவார்கள். நான் நர்ஸ் வேலை பார்க்கும் மருத்துவமனையிலும் எழுதி ஒட்டிவிடுவார்கள். இந்த மேற்கு ஜெர்மனிக்கு வந்து பதின்மூன்று வருடம் ஆகிறது. ரத்தத்தையோ பிணத்தையோ கண்டு நான் பயந்தவள் இல்லை. ஆனால் அந்தச் சங்கு ஊதினால் மட்டும், இது வெறும் சோதனைதான் என்று தெரிந்தும், ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துகிறேன்.

நம் பக்கத்தில் சங்கு என்றால் ஆலையில் ஷிப்டு மாறுகிறது என்று அர்த்தம். என் கணவர் திருச்சிப் பக்கத்துச் சிமெண்ட் ஆலையில் இருந்தபோது, சங்கு கேட்டதும் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு ஓடுவார். அந்தச் சத்தத்தில் ஒரு பயமும் இருந்ததில்லை, லேட்டானால் அரை நாள் சம்பளம் போய்விடும் என்கிற பயத்தைத் தவிர.

போன செப்டம்பரில் சங்கு ஊதிய நாள் எனக்கு விடுமுறை. அடுக்களையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அது ஊதி ஓய்வதற்குள் தபால்காரர் வந்து ஒரு கடிதத்தை நீட்டினார். என் மகன் செந்திலின் பெயருக்கு வந்திருந்தது. அரசாங்கக் கடிதம். பிரித்தேன். பதினெட்டு வயது நிறைந்துவிட்டதாம். ராணுவச் சேவைக்குப் பெயர் பதியவேண்டுமாம். நவம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வரவேண்டுமாம்.

இந்த நாட்டுப் பையன்கள் எல்லோருக்கும் இப்படிக் கடிதம் வரும். செந்தில் மாதிரி பட்டறையில் வேலை பழகுகிறவன் அதை முடித்ததும் பதினைந்து மாதம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வரவேண்டும். எதிர் வீட்டுப் பையனுக்கு வந்தது, மூன்றாம் வீட்டுப் பையனுக்கும் வந்தது. அதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

ஆனால் என் பிள்ளைக்குப் பதினெட்டு ஆகவில்லை. பதினேழுதான் ஆகிறது. அது உலகத்தில் எனக்கும் இன்னும் இரண்டு மூன்று பேருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். பதினெட்டு என்று எழுத வைத்தவளே நான்தான்.

2

எழுபதாம் வருடம் எனக்கு இங்கே வேலைக்கு வரச்சொல்லி உத்தரவு வந்தது. திருச்சியில் நர்ஸ் படித்து முடித்து அரியலூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். செந்திலுக்கு நாலு வயது நிறையக்கூட இல்லை. என் கணவருக்கு ஷிப்டு வேலை, தங்குவது ஆலை குவார்ட்டர்ஸில். உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் என் அம்மாவும் தம்பி தங்கராசுவும் மட்டும். அம்மா விடிந்தால் கடலைக் கொல்லைக்குப் போகிறவள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் போட்டுவிட்டால் பகலில் ஒரு காவல் இருக்கும், மதியம் ஒரு வேளைச் சோறும் கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன்.

அந்தக் காலத்துச் சோதனை எல்லோருக்கும் தெரியும். வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடவேண்டும். தொட்டால் ஐந்து வயது முடிந்தது. செந்தில் எக்கி எக்கிப் பார்த்தான். விரலுக்கும் காதுக்கும் நடுவே இரண்டு அங்குலம் இடைவெளி இருந்தது.

"எட்டலையேம்மா. அடுத்த வருசம் கூட்டியாங்க" என்றார் தலைமை ஆசிரியர்.

"எட்டும் சார். புள்ள கூச்சப்படுறான்" என்று சொல்லி, அவன் தலையைப் பிடித்து இடது பக்கம் நன்றாகச் சாய்த்தேன். கழுத்து வலிக்கும் அளவுக்குச் சாய்த்தேன். விரல் காதில் பட்டது. அவர் என்னையும் பார்த்தார், காதையும் பார்த்தார். நல்ல மனிதர். "சரி, போவுது" என்று பேனாவை எடுத்து, பிறந்த தேதி ஜூன் ஒன்று என்று எழுதி, வருடத்தில் ஒன்றைக் குறைத்தார். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்தான், சந்தேகம் இருந்தால் பள்ளிப் பதிவேட்டைப் பாருங்கள். அன்றைக்கு அது ஒரு பொய்யாகவே எனக்குத் தோன்றவில்லை. பஸ்ஸில் அரை டிக்கெட்டுக்கு வயதைக் குறைப்போம், பள்ளிக்கூடத்துக்கு ஏற்றுவோம். அடுத்த வாரம் நான் விமானம் பிடிக்கப் பம்பாய்க்கு ரயில் ஏறிவிட்டேன். அந்தத் தேதிதான் பிறகு அவன் பாஸ்போர்ட்டில் ஏறியது, இங்கே வந்த பிறகு எல்லாத் தாள்களிலும் ஏறியது.

3

செந்திலை நான் இங்கே கொண்டுவந்ததற்குக் காரணம் படிப்பு என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். உண்மைக் காரணம் பயம்.

எங்கள் ஊரும், ஏரிக்கரையில் இருந்த ஊரும், அதற்குக் கிழக்கே ஒரு சின்ன ஊரும் சேர்ந்து ஒரு கட்டு வைத்திருந்தன. மூணூர்க் கட்டு என்பார்கள். மேற்கே ஒரு பெரிய ஊர் இருந்தது. அவர்கள் களத்தில் குவித்த கடலையை அள்ளிக்கொண்டு போவதும், மாட்டை ஓட்டிக்கொண்டு போவதும், கோடையில் ஏரி மதகைத் தங்கள் பக்கம் திறந்துகொள்வதுமாக இருந்தார்கள். தனித்தனியாக நின்றால் தாக்குப்பிடிக்க முடியாது என்றுதான் மூன்று ஊரும் சேர்ந்தன. மூன்றில் எந்த ஊர்மேல் கை வைத்தாலும் மூன்று ஊர்மேலும் கை வைத்த மாதிரி. கொம்பு ஊதினால் வீட்டுக்கு ஒரு ஆள் கம்போடு ஏரிக்கரைக்கு வந்துவிடவேண்டும். மீசை அரும்பியவன் ஆள். சித்திரை மாதம் ஏரிக்கரையில் கூடி, வீட்டுக்கு ஒரு வெற்றிலை கொடுப்பார்கள். வாங்கிக்கொண்டால் சம்மதித்த மாதிரி. வாங்காத வீட்டை யாரும் அடிக்கமாட்டார்கள், ஆனால் அந்த வீட்டில் திருடு போனாலும் யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். அப்பா செத்த பிறகு எங்கள் வீட்டு வெற்றிலையை அம்மாதான் முந்தானையில் வாங்கிக்கொண்டாள்.

அந்தக் கட்டின் நன்மையை நான் அனுபவித்தவள். திருச்சியிலிருந்து லீவுக்கு வந்தால் பஸ் நிறுத்தத்திலிருந்து மூன்று மைல் தனியாக நடப்பேன், பொழுது சாய்கிற நேரத்தில். ஒருவன் ஒரு சொல் சொன்னதில்லை. சொன்னால் மூன்று ஊர் வரும் என்று தெரியும். நன்றி கெட்டுப் பேசக்கூடாது, என் படிப்பே அந்தக் கட்டுக்குள் நடந்த படிப்பு.

எழுபத்து மூன்றில், நான் இங்கே வந்த பிறகு, அரியலூர்ச் சந்தையில் ஏரிக்கரை ஊர்க்காரன் ஒருவன் குடித்துவிட்டு மேற்கு ஊர் வண்டிக்காரனை அடித்துவிட்டான். தப்பு முழுக்க இவன் மேல்தான். எங்கள் ஊருக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் கொம்பு ஊதிவிட்டார்கள். எங்கள் வீட்டில் ஆள் என்று இருந்தவன் தங்கராசு, பதினேழு வயது. அம்மா அழுதாளாம். "வெத்தல வாங்கிட்டு இப்ப அழுதா என்னாம்மா பண்றது?" என்று கேட்டுவிட்டுக் கம்பை எடுத்துக்கொண்டு போனானாம்.

கரையில் வீட்டு வரிசைப்படி நிற்பார்கள். தங்கராசுவுக்கு இடது பக்கம் நிற்கவேண்டியவன் பக்கத்து வீட்டுப் பையன். அவன் வரவில்லை. அவன் அம்மா அவனை நெல் குதிருக்குள் உட்காரவைத்து மூடிவிட்டு, "எம் மவன் காலைலியே பெரம்பலூர் போயிட்டாங்க" என்று கூப்பிட வந்தவர்களிடம் சொல்லியிருக்கிறாள். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதை நிஜமாகவே எங்கள் தெருவில் நடந்தது. தங்கராசுவின் இடது பக்கம் காலியாக இருந்தது. அந்தப் பக்கத்திலிருந்துதான் கல் வந்தது. இடது கண் போய்விட்டது.

வெள்ளைத் துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டு, சட்டையெல்லாம் ரத்தத்தோடு அவன் வீட்டுக்குள் வந்ததை ஏழு வயதுச் செந்தில் வாசலில் நின்று பார்த்திருக்கிறான். மூன்று வாரம் கழித்து எனக்கு நீலத் தாளில் கடிதம் வந்தது. கடைசியில் ஓரத்தில் கோணல் எழுத்தில் செந்தில் எழுதியிருந்தான், மாமாவுக்கு ஒரு கண்ணு இல்லை என்று.

நான் வார்டுக் கழிப்பறையில் உட்கார்ந்து அழுதேன். இன்னும் சில வருடத்தில் என் பிள்ளைக்கும் மீசை அரும்பும், அந்த வீட்டில் அடுத்த ஆள் அவன்தான் என்பதைத் தவிர வேறெதுவும் என் மண்டையில் ஏறவில்லை. அடுத்த வருடமே கணவரையும் அவனையும் இங்கே வரவழைத்துக்கொண்டேன்.

4

பேய்க்குப் பயந்து பிசாசு வீட்டில் ஒண்டிய கதையாக ஆகிவிட்டது அது. இந்த நாடும் ஒரு கட்டில்தான் இருக்கிறது என்பதை நான் யோசிக்கவே இல்லை. மூன்று ஊர்க் கட்டு இல்லை, பதினைந்து பதினாறு நாட்டுக் கட்டு. ஒரு நாட்டின்மேல் கை வைத்தால் எல்லா நாட்டின்மேலும் கை வைத்த மாதிரி. வாசகம்கூட எங்கள் ஏரிக்கரை வாசகமேதான். இங்கே நாங்கள் இருக்கும் ஊரிலிருந்து இருபது மைல் போனால் எல்லை வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் இன்னொரு கட்டு.

எண்பத்தொன்றில் குடியுரிமைக்கு எழுதிப் போட்டோம். அதுவரை ஒவ்வொரு முறையும் தங்கும் அனுமதிச் சீட்டைப் புதுப்பிக்க வரிசையில் நின்று, அதிகாரியின் முகத்தைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துத் தாடை வலித்துப்போயிற்று. வெளிநாட்டுக்காரர்களைத் திருப்பி அனுப்பவேண்டும் என்ற பேச்சு வேறு கிளம்பியிருந்தது. அந்த அலுவலகத்தில் ஒரு பெண்மணி தாளைப் படித்துக் காட்டினாள். உரிமைகள் ஒரு பக்கம், கடமைகள் ஒரு பக்கம். மகனின் பிறந்த தேதி இதுதானே என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கையெழுத்துப் போட்டேன். சான்றிதழை நீட்டியபோது இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். படி இறங்கும்போது அம்மா முந்தானையில் வெற்றிலை வாங்கியது நினைவுக்கு வந்தது. அதைக் கணவரிடம் சொல்லவில்லை.

நன்மைகளைச் சொல்லாமல் விட்டால் என் நாக்கு அழுகிவிடும். பக்கத்து வீட்டில் எர்னா அம்மாள் இருக்கிறார், எழுபது வயது. போன போரில் கணவரையும் அண்ணனையும் பறிகொடுத்தவர். "இந்தக் கூட்டணி வந்த பிறகு ஒரு குண்டுகூட இங்கே விழவில்லை. ராத்திரி தூங்கி எழுந்தால் வீடு இருக்கிறது. அதன் விலை உனக்குத் தெரியாது" என்பார். வாஸ்தவம். என் கணவர் வேலை பார்க்கும் சிமெண்ட் ஆலைக்கு இரண்டு வருடமாக நல்ல ஓட்டம். காட்டுக்குள் கூட்டணிக்காரர்கள் ஏதோ கட்டுகிறார்கள், லாரி லாரியாகப் போகிறது. எங்கள் கோழிக்குழம்பில் அந்தச் சிமெண்டும் இருக்கிறது.

ஆனால் இலையுதிர் காலம் வந்தால் ஒத்திகை என்று டாங்கிகள் தெருவிலேயே போகும். பீட்ரூட் மாதிரி ஒரு கிழங்கு இங்கே சர்க்கரைக்கு விளைவிக்கிறார்கள், நமக்கு எறையூர்ச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போல. டாங்கிகள் அந்த வயலை உழுதுவிட்டுப் போய்விடும். பின்னாலேயே ஓர் ஆபீசர் வந்து அளந்து நஷ்டஈடு எழுதிக் கொடுப்பார். விமானங்கள் கூரையை உரசிக்கொண்டு போகும்போது நான் ஊசி போட்டுக்கொண்டிருந்தால் நோயாளியின் கையை விட்டுவிடுவேன். இந்த வருடம் புது ஏவுகணைகளைக் கொண்டுவந்து வைக்கப்போகிறார்கள். வேண்டாம் என்று லட்சக்கணக்கில் ஜனங்கள் ஊர்வலம் போகிறார்கள். செய்தித்தாளில் ஒரு படம் போட்டிருந்தான், முதல் குண்டு எங்கெங்கே விழும் என்று வட்டம் வட்டமாக. எங்கள் ஊர்மேலும் ஒரு வட்டம் இருந்தது, காட்டுக்குள் அவர்கள் கட்டுகிற கட்டடத்தால். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்கிறார் என் கணவர். இருக்கலாம். வட்டத்தை அச்சடித்தது நான் இல்லையே!

5

கடிதத்தைக் கணவரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"எல்லாரு வூட்டுக்கும் வர்றதுதான் சரசு" என்றார்.

"ஏங்க, அவனுக்குப் பதினேழுதாங்க ஆவுது. போய் உண்மையைச் சொல்லிடலாம். ஒரு வருசம் தள்ளிப்போவும். ஒரு வருசத்துல இந்த ஏவுகணைச் சண்டையெல்லாம் அடங்கிடும்."

"சொல்லி? பொய்த் தேதி குடுத்துக் குடியுரிமை வாங்குனோம்னு நாமளே எழுதிக் குடுக்கறதா? இந்தியப் பாஸ்போர்ட்டையும் திருப்பிக் குடுத்தாச்சு. புடுங்கிட்டான்னா நாம எந்த ஊரு ஆளு?"

முன்னே போனால் முட்டுகிறது, பின்னே வந்தால் உதைக்கிறது. உண்மையைச் சொன்னால் மூன்று பேரும் நடுத்தெருவில் நிற்கவேண்டி வரலாம். சொல்லாவிட்டால் ஒரு வருடம் முன்னதாக என் பிள்ளை துப்பாக்கி தூக்குவான், அதுவும் ஏவுகணைகள் வந்து இறங்குகிற நேரம் பார்த்து. இரண்டு நாள் யோசித்துவிட்டு, கணவருக்குத் தெரியாமல் தங்கராசுவுக்கு எழுதினேன். செந்தில் பிறந்தது அரியலூர் அரசு ஆஸ்பத்திரியில். அங்கே பதிவு இருக்கும், எப்படியாவது எடுத்து அனுப்பு என்று.

அவன் நாலு தடவை பஸ் ஏறியிருக்கிறான். ஆஸ்பத்திரியில் பழைய நோட்டைத் தேட நாள் சொன்னார்களாம். தாலுக்கா ஆபீசில், "பள்ளிக்கூடத்துல போட்டதுதான் செல்லும், இது எதுக்குங்க இப்ப?" என்று கேட்டார்களாம். நவம்பர் பிறந்தபோது சான்றிதழ் வந்து சேர்ந்தது. ஆடி மாதத்துத் தேதி, சரியான வருடம், கீழே ஊதா முத்திரை. கூடவே கடிதமும் இருந்தது. தங்கராசு பேசுகிற மாதிரியே எழுதுவான்.

"அக்கா, சர்டிபிகேட்டு அனுப்பிருக்கேன். குடுக்கறதும் குடுக்காததும் ஒன் இஷ்டம். நீ எழுதுனதப் படிச்சா என் கண்ணு போனதுக்கு இன்னும் அழுதுட்டு இருக்கேன்னு தெரியுது. நான் அழுவலக்கா. அன்னிக்குக் கரையில நிக்காம போயிருந்தா மதகு அவனுவ கையில போயிருக்கும். இன்னிக்கும் நம்ம வயலுக்குத் தண்ணி வருது. அதுக்காவ கண்ணு போனது நல்லதுன்னும் சொல்ல மாட்டேன். குடிகாரப் பய ஒருத்தனுக்காவப் போன கண்ணு அது. பக்கத்து வூட்டம்மா இப்பவும் வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம தயிர் கொண்டாந்து வச்சிட்டு, என் மூஞ்சியப் பாக்காம போவுது. மாப்புள திங்கக்கெழம போறான்னு எழுதிருந்தே. திங்களும் வெள்ளியும்தான் சிறுவாச்சூர்க் காளிக்கு நடை தொறப்பாங்க. அன்னிக்கு நான் அங்க நிக்கறேன்."

படித்துவிட்டு அழுதேன். அழுதாலும் சான்றிதழை விடவில்லை. கைப்பையில் வைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை செந்திலோடு நானும் போவது, அதிகாரி முன்னால் அதை வைப்பது, என்ன ஆனாலும் ஆகட்டும் என்று முடிவு செய்தேன். பிள்ளையைவிடவா பாஸ்போர்ட்?

6

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செந்திலைக் கூப்பிட்டு உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் ஒரு பட்டறையில் கடைசல் வேலை பழகுகிறான். ஆறடி உயரம். நண்பர்களோடு பேசும்போது ஜெர்மன் இந்த ஊர்க்காரன் மாதிரி வரும். தமிழ் மட்டும் எட்டு வயதோடு நின்றுவிட்டது. ஊரைவிட்டு வந்த அன்றைக்கு வாயில் இருந்த தமிழ்தான் இன்றைக்கும். அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து அந்தச் சின்னப் பையனின் பேச்சு வருவதை நான் கேலி செய்வேன், உள்ளுக்குள் எனக்கு அது பிடிக்கும்.

சான்றிதழைக் கையில் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தான். தன் பிறந்தநாள் வேறு என்று ஒருவனுக்குத் திடீரென்று தெரிந்தால் எப்படி இருக்கும் என்று நான் அதுவரை நினைத்துப் பார்க்கவில்லை.

"அப்ப நான் குட்டியாம்மா?" என்றான்.

"ஆமாண்டா. நீ இன்னும் குட்டிதான். நாளைக்கு இதைக் குடுத்துடுவோம்."

"என் கூட வேல பழகுறவங்க எல்லாரும் நாளைக்குப் போறாங்க."

"போவட்டும். அவங்களுக்கு வயசாயிடுச்சு."

அவன் தாளை மடித்தான். மடித்த இடத்தை நகத்தால் தேய்த்துக்கொண்டே இருந்தான். "மாமாக்கு அந்தாண்ட ஆளு நிக்கலம்மா" என்றான். "அதனாலதான் கல்லு பட்டுச்சு. மாமாவே எங்கிட்ட சொன்னாரு. அந்த அண்ணன் குதுருக்குள்ள ஒளிஞ்சிக்கிச்சி."

பத்து வருடமாக இவன் அதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறான்! ஊரையே மறந்துவிட்டான், தமிழே தெரியாமல் போகப்போகிறது என்று நான் புலம்பிக்கொண்டிருந்த பிள்ளை.

"அது வேறடா. அது கம்பு, கல்லு. இது அணுகுண்டு. இங்க வரிசையில பக்கத்துல ஆள் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்" என்று கத்தினேன்.

"தெரியும்மா. எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றான். "துப்பாக்கி வேணாம்னு எழுதிக் குடுத்தாலும் குடுப்பேன். அப்ப ஆஸ்பத்திரியில வேல செய்யச் சொல்லுவாங்க. அத நானே அவங்க எதுர்ல சொல்றேன். ஆனா நான் குதுருக்குள்ள போவ மாட்டேன். நீ என்னய உள்ள வெச்சி மூடாதம்மா."

ஊரில் அந்தப் பக்கத்து வீட்டு அம்மாவை எத்தனை வருடம் மனசுக்குள் திட்டியிருப்பேன்! வெள்ளிக்கிழமைத் தயிரோடு தலையைக் குனிந்துகொண்டு போகிறவளை இப்போது நன்றாகப் புரிந்தது. ஆனாலும் அவள் செய்ததையே செய்ய என் கை துடித்தது, இப்போதும் துடிக்கிறது.

சான்றிதழை அவனே கொண்டுபோய் அடுக்களை அலமாரியில் மஞ்சள்பொடி டப்பாவுக்குப் பின்னால் வைத்தான். திரும்பி வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, சிரிப்புக் காட்டுவதற்காகவோ என்னவோ, "இப்ப பாரும்மா" என்று வலது கையைத் தூக்கித் தலைக்கு மேலாகக் கொண்டுபோனான்.

விரல்கள் இடது காதைத் தாண்டிக் கன்னம்வரை வந்தன. தலை ஒரு நூல்கூடச் சாயவில்லை. நேராக நின்றான்.

எட்டுகிறது. ஆனாலும் அவனுக்குப் பதினேழுதான் ஆகிறது.